லாபம், ரெண்டு, மூணு

உதவிப் பொறியாளர் தட்சணாமூர்த்தி மதகைத் திரும்பிப் பார்க்காமலே மணல் மூட்டைகளை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சுனாமி மாயவனைக் கொண்டுபோய் ஏழு மாதம் ஆகியும் அந்த மதகடியில் அவருக்கு அவன் குரல் கேட்டது. லஸ்கர் மாயவன் மதகைத் திறந்து மூடுகிற ஆள். முன்பு உப்பளத்தில் அளவுக்காரனாக இருந்தவன். அங்கே முதல் அளவை மங்கலமாக லாபம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில், மதகின் ஷட்டரைச் சுற்றி இறக்கும்போதும் ஒன்று என்று சொல்ல மாட்டான். 'லாபம், ரெண்டு, மூணு' என்றுதான் ராகம் போட்டு எண்ணுவான்.

கடலில் தரைதட்டிய கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் முகத்துவாரம் வரை வந்துவிட்டது. நாலு மணிக்குக் கடல் ஏறும். ஏறினால் வாய்க்கால் வழியே கழுவேலிச் சதுப்புக்குள் எண்ணெய் புகுந்துவிடும். அப்புறம் கோரையும் இல்லை, இறாலும் இல்லை, உப்பும் இல்லை. மூட்டைகளோ அடுக்க அடுக்கச் சரிந்தன.

"ஷட்டர எறக்குங்க சார்," என்றாள் மணல் அள்ளிக்கொண்டிருந்த ராசம்மாள். மாயவனின் மனைவி.

"அது துருப்புடிச்சிப் போச்சும்மா."

ஆய்வுக் குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தார், கிட்டப் போய்ப் பார்க்காமலே. பயந்த மனிதர் எழுதுகிற குறிப்பு வேறு எப்படி இருக்கும்!

ராசம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மதகு மேடையேறினாள். ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சாக்கின் கட்டுக்கம்பியைப் பிரித்தாள். உள்ளே துரு இல்லை. கிரீஸ் தடிமனாகப் பூசியிருந்தது. அதில் விரல் தடம் அப்படியே இருந்தது.

தட்சணாமூர்த்தி மேடையேறி வந்து அதைப் பார்த்தார்.

"சுனாமி வந்த அன்னிக்கி ஞாயித்துக்கெழம. கிரீஸ் டப்பாவோடதான் வூட்டவிட்டுக் கெளம்புனாரு. நீங்க, லீவு நாள்ல கடல வேடிக்க பாக்கப் போனாருன்னு எழுதிட்டீங்க. ஊரே அப்டித்தான் பேசுது. யாரு சார் அவர வரச் சொன்னது?"

வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை மேலதிகாரி வருகிறார், ஞாயிற்றுக்கிழமையே வந்து கிரீஸ் பூசிவிடு என்று, சனிக்கிழமை சாயங்காலம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியவர் அவர்தான். விசாரணையில் கேட்டபோது வேலைக்கு வேட்டு வந்துவிடுமோ என்று அதை மறைத்துவிட்டார்.

"நாந்தாம்மா," என்றார். "நாந்தான் வரச் சொன்னேன்."

அவள் அழவில்லை. கைப்பிடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் புடிங்க. நாப்பது சுத்து. எண்ணுங்க."

"ஒண்ணு..."

"லாபம்னு எண்ணுங்க சார். அவரு பூசுன கிரீசு."

"லாபம்," என்றார். மீதியை அவள் எண்ணினாள். ஷட்டர் முனகாமல் இறங்கி, நாற்பதாவது சுற்றில் தரையில் உட்கார்ந்தது. நாலு மணிக்குக் கறுப்பாக ஏறி வந்த தண்ணீர் அதில் மோதி நின்றது.

"இப்ப எழுதிக் குடுங்க," என்றாள் ராசம்மாள்.

கிரீஸ் கையோடு ஆய்வுப் புத்தகத்தைத் திறந்தார். 'மாயவன் என் உத்தரவின்பேரில் பணியில் இருந்தபோது இறந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

இனிமேலாவது மாயவனின் குரல் ஓயும் என்று நினைத்து ஜீப்பில் ஏறினார். மேடையில் யாரும் இல்லை.

"லாபம்," என்று கேட்டது, ராகம் போட்டு.