இரண்டைத் தாண்டாத முள்

மின்சாரத்தைக்கூட நம்பலாம், எங்கள் சப்ஸ்டேஷன் ஆட்களை நம்பி ஒரு சோதனைக் கருவியைக் கொடுக்க முடியாது. எண்ணெய் சோதிக்கிற பெட்டியின் மேல் சாப்பாட்டுத் தூக்கை வைப்பார்கள். சோதனை வயரைக் கொடியாகக் கட்டி ஈரத் துண்டைக் காயப்போடுவார்கள். துறைமுகத்து உப்புக் காற்றில் பித்தளை ஒரே வாரத்தில் பச்சை பிடித்துவிடும் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். கேட்டால்தானே!

அதனால் மெக்கரை மட்டும் என் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டேன். கைப்பிடியைச் சுற்றினால், கரண்ட் வெளியே கசியாதபடி இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று முள் காட்டும் பெட்டி அது. பீரோச் சாவி என் இடுப்பில். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பது நான். ஆயுத பூசைக்கு அலங்கரிப்பதும் நான். போர்மேன் சிவனாண்டியின் மெக்கரை வேறு ஒருத்தனும் தொடக் கூடாது.

எழுபத்தாறாம் வருடம், பூசை முடிந்த மறுவாரம். கிரேனுக்குப் போகும் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் ஆயில் பிரேக்கரை சிலுவை தனியாகக் கழற்றி, சுத்தம் செய்து, புது எண்ணெய் ஊற்றிப் பூட்டியிருந்தான். மணப்பாட்டுக்காரன், மூன்று வருடமாகத் தற்காலிக பிட்டர். அவன் கைவேலையைப் பற்றி நான் எழுதும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் அவனை நிரந்தரமாக்குவதா, அடுத்த மாதம் அனுப்பிவிடுவதா என்று இன்ஜினீயர் கிருபாநிதி முடிவு செய்ய வேண்டும்.

பிரேக்கரில் கரண்ட் போகும் மூன்று வழிகளான மூன்று பேஸிலும் மெக்கரை மாட்டிச் சுற்றினேன். ஐந்நூறைத் தாண்ட வேண்டிய முள் இரண்டில் நின்றது.

"ஏலே, எண்ணெய ஊத்துனியா, கடல் தண்ணிய ஊத்துனியா?"

"வடிகட்டித்தான் ஊத்துனேன் அண்ணாச்சி."

மறுநாள் எண்ணெயை இறக்கி, மறுபடி வடிகட்டி ஊற்றினான். இரண்டு. அதற்கடுத்த நாள் விடிந்ததிலிருந்து பிரேக்கருக்குள் பல்பு எரியவிட்டு ஈரத்தைக் காயவைத்தான். சட்டையெல்லாம் எண்ணெய், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அப்போதும் இரண்டுதான். கிரேன் நின்று மூன்று நாள். கப்பல்காரர்கள் இன்ஜினீயரைத் திட்ட, இன்ஜினீயர் என்னைத் திட்ட, நான் யாரைத் திட்டுவேன்? 'ஓவர்ஹால் சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்கு இன்ஜினீயர் வந்ததும் கொடுக்க வேண்டியதுதான்.

அதைச் சிலுவையிடம் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. மெக்கரைக் கைகாட்டினான்.

"அண்ணாச்சி, மூணு பேஸும் ஒண்ணுபோல ரெண்டு காட்டுது. கெட்டுப்போனா அப்பிடி ஒண்ணுபோலயா கெடும்? வயர எதுலயும் மாட்டாம ஒருக்கச் சுத்திப் பாருங்களேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்கே பாடமா? "பாருலே!" என்று கத்திக்கொண்டே வயர்களை அந்தரத்தில் பிடிக்கச் சொல்லிச் சுற்றினேன். எதிலும் படாத வயருக்கு முள் கடைசிக் கோட்டுக்கு ஓட வேண்டும். ஓடவில்லை. இரண்டு.

வயர்களையும் கழற்றிவிட்டுச் சுற்றினேன். அப்போதும் இரண்டு.

வேலையைத் தொடுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யாதவனை மாடு மேய்க்கப் போ என்று விரட்டுகிறவன் நான். மூன்று நாளாக நான் செய்யவில்லை. என் மெக்கராயிற்றே, அதற்கென்ன கேடு வரும் என்ற மிதப்பு.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். வயர் மாட்டும் இரண்டு முனைகளுக்கும் நடுவில், பூசையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. தினமும் கண்ணில் பட்டதுதான். பூசைச் சந்தனத்தைத் துடைக்க மனம் வராமல், அப்படியே பையில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே காயாமல் நசநசவென்று இருந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அந்த ஈரத்தின் வழியாகவே கரண்ட் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய், பிரேக்கர், சிலுவை, எதிலும் குற்றமில்லை.

பூசையன்று அவன் பக்கத்தில் நின்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "முனையில வேண்டாம் அண்ணாச்சி, பெட்டி மூடியில வைங்க" என்றான். "சர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்குப் பூசையப் பத்தி என்னலே தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் வாயை அடைத்தேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்துச் சுற்றினேன். முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது. பிரேக்கரில் மாட்டினால் மூன்று பேஸும் ஆயிரத்துக்கு மேல்.

இன்ஜினீயர் வந்தார். "மூணு நாளா என்னவே கோளாறு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சிலுவை முந்திக்கொண்டான். "மெக்கர்ல ஈரம் சார். உப்புக் காத்துல்லா." என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்ஜினீயர் தலையாட்டிவிட்டு ரிப்போர்ட்டுக்குக் கை நீட்டினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவனிடம் யார் கேட்டது இந்தப் பெருந்தன்மையை? நாளைக்கு இவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவரை நிற்கவைத்தே புதிதாக எழுதினேன். பிரேக்கர் நல்ல நிலையில் உள்ளது. ஓவர்ஹால் குறைவில்லை. தாமதத்துக்குக் காரணம், மெக்கர் முனைகளில் சந்தனம். வைத்தவர்: சிவனாண்டி, போர்மேன். வேண்டாம் என்று அன்றே சொன்னவர்: சிலுவை, தற்காலிக பிட்டர்.