பல்லி மாட்டாத பேனர்

சாலையோர விளம்பரப் பலகைகளில் பேனர் மாட்டும் குழுவில் அவனுக்குப் பெயர் பல்லி. அறுபதடி உயர இரும்புச் சட்டத்தில் இரண்டு விரலுக்கும் ஒரு குதிகாலுக்கும் இடம் கிடைத்தால் போதும், ஒட்டிக்கொண்டு நிற்பான். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இந்தப் பட்டத்தில்தான் அவனுக்குப் பெருமை. தெருவில் நடக்கும்போது, "அது நான் மாட்டினது, ஒரு சுருக்கம் இருக்கா பாரு" என்று மனைவிக்குக் காட்டிக்கொண்டேதான் வருவான். அவளும் நூறாவது தடவையாக அண்ணாந்து பார்த்து, "இஸ்திரி போட்ட மாதிரி இருக்குங்க" என்பாள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்கும்.

போன வருடம் அவனுடைய கூட்டாளி அவன் கண்ணெதிரே மேலிருந்து விழுந்தான். உயிர் பிழைத்துவிட்டான்; கால்தான் பழையபடி வரவில்லை. மறுநாள் பல்லி ஏணியில் நாலு படி ஏறினான். ஐந்தாவது படிக்கு உடம்பு வரமாட்டேன் என்றது. இடுப்பு வலி என்று சொல்லி இறங்கினான். அதிலிருந்து ஒன்பது மாதம் கீழே நின்று கயிறு பிடித்தான். "தரைப்பல்லி" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் கூட்டாளி விழுந்த நாளிலிருந்து கழுத்து வலி. அண்ணாந்து பார்க்கவே முடியாது என்பார். அதனால் பேனர் நேராக இருக்கிறதா என்று மேலே இருப்பவர்கள் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டிய நிலை.

வியாழக்கிழமைதோறும் இடுப்புக்கு வைத்தியம் என்பது பல்லி குழுவுக்குச் சொன்ன கதை. போனதென்னவோ மருந்துக்கடைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த மனநல ஆலோசகரிடம். மனைவிக்கு மட்டும் தெரியும்.

முதல் நாளே ஆலோசகர் அம்மா சொல்லிவிட்டார். "வெளியில எங்கயாவது பார்த்தா நானா உங்ககிட்ட பேச மாட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்னு நினைக்காதீங்க, உங்க ரகசியம் உங்களோடது. நீங்க பேசினா நானும் பேசுவேன்." சொன்னபடியே நடந்தார். ஒரு தடவை கடையில் ஒரே வரிசையில் நின்றபோது, பல்லியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாதம் அவன் உடைந்துபோய், "இன்னும் எத்தனை நாள் மேடம்?" என்று கேட்டதற்கு, "தெரியாது. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார். என்ன ஆச்சரியமோ, அந்த வார்த்தைதான் அவனைத் தாங்கிப் பிடித்தது. ஒன்பதாவது மாதம் ஏணியின் கடைசிப் படியைத் தாண்டினான்.

ஒரு நாள் காலை புது பேனர் ஒன்று வந்தது. தரையில் விரித்தார்கள். மாட்டுகிறவன் படிக்கமாட்டான்; நாலு மூலையும் கயிறு கோக்கும் ஓட்டையும் சரியா என்று மட்டும் பார்ப்பான். ஆனால் இதில் இருபதடிக்கு மேடத்தின் முகம். கை கட்டி, அவன் ஒரு நாளும் பார்த்திராத ஒரு சிரிப்பு சிரித்தபடி இருந்தார். பல்லிக்கு முதலில் நெஞ்சு பூரித்தது. என் மேடம்! பிறகு முகத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தான்.

"பயமா? ஒரே மாதத்தில் விரட்டுங்கள்!"

காது சூடேறியது. அப்படியானால் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்ட நான் யார்? ஊரெல்லாம் ஒரே மாதத்தில் தேறிவிட, கடைசி பெஞ்சு மண்டு நான் ஒருவன்தானா? இல்லை, இது பொய் என்றால் அந்த மாடியில் சொன்னதெல்லாம்? அதை நம்பித்தானே தினமும் அறுபதடியில் நிற்கிறான். நம்பிக்கை ஆட்டம் கண்டால் நாளைக்குக் கால் நிற்குமா?

"அண்ணே, இதை நான் மாட்ட மாட்டேன்."

"ஏண்டா, உனக்கும் பேனருக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா?" என்றார் மேஸ்திரி.

பல்லி லாரிக்குப் பின்னால் போய் போன் செய்தான்.

"மேடம், உங்க பேனர் என் கையில இருக்கு. ஒரே மாசம்னு போட்டிருக்கு. எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு. அப்ப நான் மக்கா, இல்ல நீங்க சொன்னது பொய்யா?"



"நீங்க மக்கு இல்ல. அந்த வரி பொய்" என்றார். "என் தங்கச்சி வீட்டுக்காரர் எழுதினார். இப்படிப் போட்டாத்தான் ஆள் மாடி ஏறும்னார். நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சரின்னேன். என் தப்பு. மாட்டாதீங்க."

"தெரியாதுன்னு சொன்னீங்களே, அதையே போடுங்க மேடம். நான் வேணா போட்டோ குடுக்கறேன், என் கதையையும் போட்டுக்கங்க."

"வேண்டாம். உங்க கதையை விளம்பரம் ஆக்கினா, அடுத்து வர்றவங்க என்கிட்ட எப்படி வாய் திறப்பாங்க? எனக்குத் தெரிஞ்சதை நான் எழுதிக்கறேன்."

தப்பை இப்படி மழுப்பாமல் ஒத்துக்கொண்ட ஒருவரை அவன் வேலை பார்த்த இடங்களில் பார்த்ததில்லை. கோபமாகப் போன் செய்தவன், நிமிர்ந்த நெஞ்சோடு திரும்பி வந்தான். "பேனர் குடுத்தவங்களே வேண்டாம்னுட்டாங்க அண்ணே, சுருட்டுங்க" என்றான்.

பத்து நாளில் வேறு பேனர் வந்தது. முகம் இல்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து.

"பயமா? எத்தனை நாளாகும் என்று தெரியாது. சேர்ந்து பார்ப்போம். மருந்துக்கடை மேல், இரண்டாவது மாடி."

"தெரியாதாம்! இதுக்கு ஒரு விளம்பரமா?" என்று குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. பல்லி சிரிக்கவில்லை. பெல்ட்டை மாட்டினான், ஏறினான். தன் வாழ்நாளில் அப்படி ஒரு பேனரை அவன் இழுத்துக் கட்டியதில்லை.

கடைசி முடிச்சைப் போடும்போது கீழே பார்த்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி மேடம் வந்துகொண்டிருந்தார். பேனரைப் பார்த்தார், அவனையும் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்போல் நடந்தார். வாக்கு வாக்குதான்.

பல்லிக்கு அது பொறுக்கவில்லை.

"மேடம்!" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். "நேரா இருக்கா, பாருங்க!"

அவர் நின்றார். அவன் பேசிவிட்டான், இனி அவரும் பேசலாம். நிமிர்ந்து பார்த்தார். குரல் அறுபதடிக்கும் தெளிவாக வந்தது.

"இடது மூலை ஒரு விரக்கடை இறங்கியிருக்கு!"

"யாருடா அது?" என்றது கீழே இருந்த கூட்டம்.

"இந்த பேனர் போட்டவங்க. ஒன்பது மாசம் இவங்ககிட்டதான் போனேன். இடுப்பு வலியெல்லாம் சும்மா!"

யாரும் சிரிக்கவில்லை. பல்லி இடது மூலையை ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கினான். மேடம் அதற்குள் போயிருந்தார். மேஸ்திரி ஏணியைப் பிடித்தபடி, வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் பெல்ட்டைக் கழற்றும்வரை காத்திருந்துவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"ஏண்டா... அங்க கழுத்து வலிக்கும் பார்ப்பாங்களா?"