மடில்டாவின் இரண்டாவது எஞ்சின்

பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடம் எஞ்சின் பிரித்த கைக்கு எழுத்து வராது என்று யாராவது சொன்னால், மெக்கானிக் எழுதிய நான்கு பக்கத்தை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டலாம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் காலாட்படையோடு கூடவே நகர்ந்த மடில்டா என்ற டேங்கை, மேசையில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்குத் தோதாக மாற்றி எழுதியிருந்தாள் அவள். ஞாயிறு மதியம் ஆளுக்கொரு வேடம் போட்டு ஆடுவார்கள். கதையை நடத்துவது அவள் கொழுந்தன், பள்ளியில் கணக்கு வாத்தியார்.

அவன் தொகுத்த விதிப் புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. ஆட்டத்தில் மடில்டா களத்தின் மறுமுனைப் பாலத்தை எட்டினால் புத்தகத்தில் இடம், இல்லையென்றால் இல்லை. அதற்குத்தான் இன்றைய சோதனை ஆட்டம். "போனா போகட்டும்" என்று வாய் சொன்னதே தவிர, காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

"ஆமை கூட இதை முந்திடும் அண்ணி. யார் இதை எடுப்பாங்க?" என்றான் கொழுந்தன்.

"நடக்கறவனோட கூடப் போகத்தான் தம்பி இதைச் செஞ்சாங்க. அவனை விட்டுட்டு ஓடறதுக்கு இல்ல."

மருந்துக்கடை அம்மா டேங்கின் தளபதி. மெக்கானிக் ஓட்டுநர். தையல்காரர் கையில் நான்கு சிப்பாய்கள். காயம்பட்ட இருவரைத் தூக்கிக்கொண்டு டேங்கின் பின்னால் ஒண்டி வந்தார்கள். பாதித் திடல் தாண்டியதும் எஞ்சினுக்கான பகடையில் ஒன்று விழுந்தது.

"எஞ்சின் போச்சு. வண்டி நின்னாச்சு," என்றான் கொழுந்தன்.

"ஒண்ணுதானே போச்சு? மடில்டாவுக்கு ரெண்டு டீசல் எஞ்சின். பஸ்ஸுக்குப் போடற வகைதான். ஒண்ணு படுத்தாலும் மத்தது இழுக்கும்."

அவன் நான்கு பக்கத்தையும் புரட்டினான். எழுபத்தெட்டு மில்லிமீட்டர் முன்கவசம் இருந்தது, நாலு பேர் உட்காரும் இடம் இருந்தது, எண்ணெய் மாற்றும் முறைகூட இருந்தது. இரண்டாவது எஞ்சின் மட்டும் இல்லை. பஸ்ஸுக்குச் சக்கரம் உண்டு என்று யாராவது எழுதி வைப்பார்களா? அவளுக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயம், அதனால்தான் விட்டுப்போனது. ஆனால் அந்த மேசையின் சட்டம் ஒன்றே ஒன்று: தாளில் இல்லாதது களத்தில் இல்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாதாடியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார்கள். அவளுக்கு அது வேண்டாம்.

"நான் எழுதல. தப்பு என்னோடது. வண்டி நின்னது நின்னதுதான். ஆனா நான் இறங்க மாட்டேன். நின்னாலும் இது சுவர்."

எதிரி பீரங்கி எட்டு முறை சுட்டது. எட்டு முறையும் கவசம் தாங்கியது. அந்த மறைவில் தையல்காரரின் ஆட்கள் காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பக்கத்து வாய்க்காலில் இறக்கி, குனிந்தபடியே பாலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒன்பதாவது குண்டில் டேங்கின் சக்கரச் சங்கிலியும் அறுந்தது. மடில்டா பாலத்தை எட்டவே இல்லை.

மடில்டாவின் பெயரை அடிக்கக் கொழுந்தன் பேனாவை எடுத்துப் பொருளடக்கத்தைத் திறந்தான்.

"பேனாவைக் கீழ வைங்க சார்," என்றார் மருந்துக்கடை அம்மா. "மூணு வருஷமா வேகமான வண்டியாப் பாத்துப் பாத்து எடுக்கறேன். இன்னிக்கு ஒரு ஆளும் சாகல. அந்த வண்டிங்கள்ல ஒரு தடவையாவது ஆளுங்க எல்லாரும் முழுசாத் திரும்பினதுண்டா? கணக்கு வாத்தியார்தானே, எண்ணிச் சொல்லுங்க."

அவன் எண்ணிப் பார்த்தான். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

"அடுத்த வாரமும் எனக்கு இந்த வண்டிதான்," என்றார் அவர். தையல்காரர், "நான் இது பின்னாடிதான் நடப்பேன்," என்றார்.

கொழுந்தன் தாளை அண்ணி பக்கம் தள்ளினான். "அந்த ரெண்டாவது எஞ்சினை எழுதிடுங்க அண்ணி."

அவள் எழுதினாள். அவன் வாங்கி அடியில் 'உதவி: அண்ணி' என்று சேர்த்தான். அவள் தாளைத் திரும்ப இழுத்து அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, 'எழுதியவர்: டிப்போ மெக்கானிக்' என்று பெரிதாக எழுதினாள்.

"எதுக்கு அண்ணி?"

"டிப்போல மெக்கானிக் கையெழுத்து இல்லாம ஒரு வண்டியும் ரோட்டுக்குப் போகாது, தம்பி."