சீமை மாவு டப்பா

வாத்தியார் தேவசிகாமணிக்குத் தெரியாத சங்கதி கிடையாது. முக்கூடல் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் கற்பிக்கிறவருக்குப் பிள்ளை வைத்தியம் மட்டும் தெரியாமல் போகுமா? வெள்ளிக்கிழமை விடியுமுன் இரண்டு வயது மகன் இன்பமணிக்கு வயிறு போக ஆரம்பித்தது. ஐந்தாவது தடவை துணி மாற்றிய மனைவி சாலோமி, பிள்ளை தாகத்தில் தவிக்கிறான், வடிகஞ்சி கொடுக்கட்டுமா என்று கேட்டாள்.

வடிகஞ்சி மாட்டுத் தொட்டியில் ஊற்றுகிற சரக்கு, உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளைக்கு ஊற்றுவதில்லை என்றார் அவர். பாளையங்கோட்டை வெள்ளைக்காரத் துரைசாணி தன் பிள்ளைக்குக் கொடுக்கிற சீமை ஆரோட்டு மாவை வாங்கி வருவதாகச் சொல்லிச் சட்டையை மாட்டினார்.

"ஏட்டி, நான் வாரது வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி குடுக்காத. ஒழுகுத பானையில ஊத்துனா நிக்குமா?"

மாட்டுவண்டி போய்த் திரும்ப இரண்டு நாளாகும். பிள்ளையின் வயிறு அதுவரை காத்திருக்கும் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலும்.

மத்தியானத்துக்குள் பிள்ளையின் உதடு காய்ந்துவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. புருஷன் சொல்லுக்குக் கீழ்ப்படிவேன் என்று கல்யாணத்தன்று கோயிலில் வாக்குக் கொடுத்தவள்தான் சாலோமி. அங்கே வடிகஞ்சியைப் பற்றிப் பேச்சு வரவில்லை. சோற்றை வடித்து, கஞ்சியை ஆறவைத்து, துளி உப்புப் போட்டு, பாலாடைச் சங்கில் சிறுகச் சிறுகப் புகட்டினாள். கக்கினான். சற்றுப் பொறுத்து மறுபடி புகட்டினாள். சாயங்காலம் அவன் மூத்திரம் பெய்து அவள் மடியை நனைத்தான். கர்த்தருக்கு அவ்வளவு மனப்பூர்வமாக அவள் ஒருநாளும் ஸ்தோத்திரம் சொன்னதில்லை.

சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் வாத்தியார் டப்பாவோடு வந்து இறங்கினார். உடனே கூழ் காய்ச்சிக் கொடு என்று உத்தரவு போட்டுவிட்டு, வண்டி அலுப்பில் குறட்டை விட்டார். காலையில் பிள்ளை கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். மாவு வேலை செய்துவிட்டது என்று தாமே முடிவு கட்டிக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை; கேட்கிற வழக்கமும் இல்லை.

அன்று ஆராதனை முடிந்ததும் டப்பாவும் கையுமாகச் சாட்சி சொல்ல எழுந்தார். சாகக் கிடந்த பிள்ளை ஒரே இரவில் பிழைத்தது, கர்த்தரும் சீமை மாவும் செய்த அற்புதம் என்று கால்மணி நேரம் பொழிந்தார். பின்னால் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தேவமணி எழுந்து வந்தாள். அவள் பிள்ளைக்கும் நேற்றிலிருந்து வயிறு போகிறதாம். ஒரு கரண்டி மாவு தரவேண்டும் என்று முந்தானையை ஏந்தினாள்.

வாத்தியார் தாராளமாக மூடியைத் திருகினார். அசையவில்லை. நகத்தால் நெம்பினார். மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்தது பற்றவைத்தபடியே இருந்தது. அதைச் சபை முழுவதும் பார்த்தது.

"அதத் தொறக்கவே இல்ல," என்றாள் சாலோமி, பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து. "பிள்ள குடிச்சது உப்புப் போட்ட வடிகஞ்சி."

வாத்தியார் ஜெபம் பண்ணுவோம் என்று சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். சபையும் மூடிக்கொண்டது. தேவமணி மட்டும் ஏந்திய முந்தானையை உதறிவிட்டு, சாலோமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உப்பு எவ்வளவு என்று கேட்டாள்.