அவன் தொடாத ஈரல்

ஹார்வுட் பின்தொடையைக் கேட்கவில்லை. அங்கேயே ராஹெராவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த மலையில் காட்டுப்பன்றி எங்கே விழுந்தாலும் பின்தொடை இரண்டும் முதுகுக்கறியும் ஹார்வுட் வீட்டுக்குப் போகும். நிலம் அவனுடையதாம், ஆகவே பன்றியும் அவனுடையதாம். ராஹெராவுடையது போன்ற பூர்வகுடி மாவோரிக் குடும்பங்கள் இருந்த மலை அவன் தாத்தா கைக்கு எப்படிப் போனது என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. ராஹெராவின் அண்ணன் ஹோஹெபா அவனிடம்தான் வேலி கட்டும் வேலை பார்க்கிறான். லீவு நாளில் நாய்களோடு பள்ளத்தில் இறங்கிப் பன்றியைக் குத்தி, முதுகில் சுமந்து வருவான். வீட்டுக்கு மிஞ்சுவது தலை, கால், குடல், ஈரல்.

"உங்க ஆளுங்களுக்கு அதுதானே பிடிக்கும்" என்பான் ஹார்வுட், தன் பங்கை விட்டுக்கொடுப்பவன் மாதிரி.

பிடிக்கும்தான். தலையை எலும்போடு வேகவிட்டு, புஹா கீரையை அள்ளிப் போட்டு, மாவு உருண்டைகளை மிதக்கவிட்டால் தெருவே வரும். ஆனால் தொடையும் பிடிக்கும். அதை யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை.

அன்று முழுப் பன்றியும் வந்து இறங்கியது.

"முழுசாவா குடுத்தான்?" அம்மா கரராய்னா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"முழுசா. 'இந்தத் தடவை எல்லாத்தையும் நீயே வச்சுக்க'ன்னான். தோள்ல வேற தட்டினான்" என்றான் ஹோஹெபா.

"என்ன, சாகப்போறானா?" என்றாள் ராஹெரா.

"வாயைக் கழுவுடி. மனுஷன் திருந்தக் கூடாதா? போய் ஈரலைப் பொரி. நாக்கு செத்துக் கிடக்கு."

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அம்மாவின் இதயம் கெட்டுப்போய், உள்ளே உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினம் மாத்திரை. கத்தி லேசாகப் பட்டாலும் ரத்தம் நிற்காது என்பதால் சமையலறைக் கத்தியை ராஹெரா அவளிடம் கொடுப்பதே இல்லை.

ஈரலை மெல்லிசாக அரிந்து, மாவில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் வெங்காயத்தோடு பொரித்து மூடிவைத்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து, இரைப்பையைக் கழுவ உட்கார்ந்தாள். நாறும் வேலை. முகம் சுளிக்காமல் செய்ய இந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

இரைப்பையைக் கிழித்து உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். கிழங்கு, புல், மண். நடுவே பச்சையும் நீலமுமாகப் பொடிந்த கட்டிகள். விரலில் எடுத்துத் தேய்த்தாள். சாயம் ஒட்டிக்கொண்டது. காட்டில் எந்தக் காயும் அந்த நிறத்தில் காய்ப்பதில்லை. ஹார்வுட்டின் வைக்கோல் கொட்டகையில் எலிக்கு வைக்கும் கட்டிதான் அந்த நிறம்.

பன்றியைக் குத்தின இடத்தில் ரத்தம் தண்ணியாக ஓடிக்கொண்டே இருந்தது என்று அண்ணன் காலையில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. விஷம் போய்த் தங்குவது ஈரலில்.

ஓடினாள். அம்மா கையில் முள்கரண்டி.

"துப்பு! அம்மா, துப்பு!"

"எதைத் துப்ப? சட்டியிலேயே ஒரு துண்டு எடுத்து முழுங்கிட்டேன். உப்பு கம்மி."

போனில் கிளினிக் நர்ஸின் குரல் மாறிவிட்டது. "உங்க அம்மா மாத்திரை செய்ற வேலையத்தான் அந்த எலி மருந்தும் செய்யும், பல மடங்கா. எந்த மருந்துன்னு பேர் தெரியணும். டப்பாவோட உடனே கிளம்பி வாங்க."

டவுனுக்குப் போகும் வழியில்தான் ஹார்வுட் வீடு. அம்மாவை ஏற்றிவிட்டு, ராஹெரா ஈரல் தட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு பிக்கப் வண்டியில் ஏறினாள்.

"மெதுவா கேளு. கத்தாதே. என் வேலை போயிடும்" என்றான் ஹோஹெபா.

"அம்மா போனா பரவாயில்லையா?"

அவன் வண்டியை விரட்டினான்.

ஹார்வுட் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தான். காலடியில் ஆடு மேய்க்கும் அவனுடைய நாய்.

"மிஸ்டர் ஹார்வுட், கொட்டகையில என்ன மருந்து வச்சீங்க? பேர் வேணும். அம்மா ஈரல் சாப்பிட்டுட்டாங்க."

"மருந்தா? நான் எதுவும் வைக்கலையே. பன்னி எங்கெங்கயோ மேயும் பொண்ணே."

"அப்ப நல்ல கறிதான். உங்க பங்கு கொண்டுவந்திருக்கேன். ஒரு வாய் சாப்பிடுங்க."

"இப்பதான் சாப்பிட்டேன்."

"ஒரே ஒரு துண்டு."

"எனக்கு ஈரல் ஒத்துக்காது."

அவள் மூடியை எடுத்துத் தட்டைப் படியில் வைத்தாள். கொழுப்பு வாசனைக்கு நாய் எழுந்து வந்தது. மூக்கு தட்டில் படுவதற்குள் ஹார்வுட் டீக் கோப்பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். நாயை உதைத்துத் தள்ளி, தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான்.



"நாய்க்கு ஆகாதா?" என்றாள் ராஹெரா. குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. "நாய்க்கு ஆகாதது எங்க அம்மாவுக்கு ஆகுமாடா? தொடை வேண்டாம்னியே, அப்பவே உனக்குத் தெரியும். விஷம் வச்சிருக்குன்னு கேட்ல ஒரு பலகை மாட்ட உனக்குக் கை வரலையா? எங்க அண்ணன் தோளைத் தட்ட மட்டும் வந்துச்சா?"

"பலகை வச்சா ஆபீஸ்காரன் சோதனைக்கு வருவான்... வாளி கவுந்து பன்னி தின்னுடுச்சு... நீங்க ஈரலைத் திம்பீங்கன்னு நான்..."

"நினைக்கலையா? வருஷக்கணக்கா நீ எங்களுக்கு விட்டுவச்சதே அதுதானே! பேரைச் சொல்லு!"

ஹோஹெபா வண்டியிலிருந்து இறங்கிவிட்டிருந்தான். அவர்களைத் தாண்டி நேரே கொட்டகைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தான். மூடியில் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. ஹார்வுட் இன்னும் தட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான், நாய் குதிக்கும் என்ற பயத்தில். ஹோஹெபா தன் இடுப்பு வளையத்திலிருந்து ஹார்வுட்டின் கேட் சாவியைக் கழற்றினான். தட்டில் ஈரலுக்கு நடுவே போட்டான்.

"நாளைக்கு வேலிக்கு யார் வருவா?" என்றான் ஹார்வுட். அந்த நேரத்திலும் கேட்டான்.

வண்டியிலிருந்து அம்மா ஹாரனை அடித்தாள். "அவனைத் திட்ட நான் உயிரோட திரும்பி வரேன். இப்ப வண்டியை எடுங்கடா!"

ராஹெரா வாளியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக நர்ஸுக்குப் போனில் கத்திச் சொல்லிக்கொண்டே போனாள்.