முதலில் கூப்பிட்டவன்

தீயணைப்பு வீரரின் நுரையீரல் செல்கள் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. முந்தின நாள் பெயிண்ட் கிடங்குத் தீயில் வயிறுமுட்டப் புகை குடித்திருந்தார். "இங்க எரியுது, ஆள் அனுப்புங்க" என்று சட்டைக்குள்ளிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது. அதைப் பக்கத்துச் செல் வாங்கி அடுத்ததற்குச் சொல்ல, குளித்து முடிப்பதற்குள் விலா முழுக்கச் செய்தி பரவிவிட்டது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எதிர்வீட்டிலிருந்து ஆள் வந்தது.

அவர் மனைவி அதே தீயணைப்பு நிலையத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அலறல் கேட்டுப் பழகிய காது. புருஷன் நெஞ்சில் அந்தக் காதை வைத்துக் கேட்டாள். ரத்தம் வழியே உதவிக்கு வந்தவர்கள் எரிந்த இடத்தோடு நல்ல இடத்தையும் உடைத்தார்கள். உடைத்த சுவர் வழியே தண்ணீர் புகுந்தது. வந்தவர்களும் தங்கள் பங்குக்கு இன்னும் ஆள் கேட்டார்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன செய்வது என்று சலித்துக்கொண்டு ஆக்சிஜன் எழுதிக்கொடுத்தார். வியாழக்கிழமை உதடு நீலம் பாரித்தது.

"யாராவது போதும்னு சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி, அவர் நெஞ்சைப் பார்த்து.

"மொதல்ல கூப்பிட்டவன்தான் சொல்லணும்" என்றது உள்ளே ஒரு குரல். அது நிலையத்தின் விதி. இருபது வருஷம் அவர் மண்டையில் ஊறியது நெஞ்சுக்கும் இறங்கிவிட்டிருந்தது.

"அவன் எங்க?"

"அன்னைக்கே செத்துட்டான்."

வெள்ளிக்கிழமை அவர் நெஞ்சில் வாயை வைத்து, அந்தக் கீச்சுக்குரலை அப்படியே எடுத்து, தீ அணைந்துவிட்டது, திரும்பிப் போங்கள் என்று அவள் பொய் சொன்னாள். கூட்டம் கலைந்தது. அவர் எழுந்து உட்கார்ந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பின்னாலேயே நெஞ்சுக்குள் கொத்தனார்கள் வந்தார்கள். ஓட்டைகளை அடைத்தார்கள். அடைத்த கையோடு காற்று வரும் அறைகளையும் சேர்த்துப் பூசத் தொடங்கினார்கள். உங்களை யார் கூப்பிட்டது என்று கேட்டாள். "நீங்கதாம்மா, தீ அணைஞ்சுதுன்னு சொன்னீங்களே" என்றார்கள் மரியாதையாக.

கூப்பிட்டவள் அவள் என்பதால் அவள் போதும் என்றால் நிறுத்தினார்கள். மூன்று மணி நேரம்தான். பிறகு மறுபடி கரண்டிச் சத்தம். வேலையிலிருந்து வீட்டுக்குப் போன் போடுவாள், அவர் ரிசீவரை நெஞ்சில் வைத்துக்கொள்வார். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. போன மாதம் அவளுக்குத் தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சே வரவில்லை. அதற்குள் வலப்பக்கத்தில் கீழ்வரிசை அறைகள் முழுக்கப் பூசியாகிவிட்டது.

"ஒரு வரிசைதானே, விடு" என்றார் அவர், நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கி.