வேலப்பன் சொன்ன நங்கூரம்

காசிமேட்டு மங்கையின் கருவாட்டுக்கு இணையத்தில் ஒரு கடை இருந்தது. 2006இல் அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களில் பாதிப் பேர் கைக்குட்டையைத் தேடினார்கள். ராயபுரத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில், நெத்திலிப் படம் முழுசாகத் திறப்பதற்குள் மூன்று பூனைகள் வந்து மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டன. நான்காவது பூனை இடம் கிடைக்காமல் திரும்பிப் போனது.

மீன்பிடித் தடைக்காலம் நாற்பத்தைந்து நாள். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மங்கை வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கடையை நம்பித்தான். பினாங்கில் மெஸ் நடத்தும் தேவகிருபை, வருடம் தவறாமல் தடைக்காலத்தின் முதல் வாரத்தில் மொத்தமாக ஆர்டர் போடுவார். அந்த ஒன்று வந்துவிட்டால் தடைக்காலத்தை ஓட்டிவிடலாம்.

அந்த முதல் வாரத்தில்தான் கடை காணாமல் போனது. திறந்தால் வெறும் வெள்ளைத் திரை.

கடையைத் தன் சர்வரில் வைத்திருந்தவன் தண்டையார்பேட்டை வேலப்பன். ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர், அது சூடேறாமல் இருக்க ஒரு டேபிள் ஃபேன். வாசல் பலகையில் மட்டும் 'இருபத்து நாலு மணி நேரமும்' என்று எழுதியிருந்தது. தெருக் கம்பத்திலிருந்து இறங்கிய கேபிள் வாசற்படியில் ஒரு கால்மிதிக்கு அடியில் நுழைந்து உள்ளே போயிற்று. மங்கை அதைத் தாண்டித்தான் போய் நின்றாள். வேலப்பன் தலையை நிமிர்த்தவில்லை.

"எண்ணூர் பக்கம் ஒரு கப்பல் நங்கூரம் போட்டுச்சும்மா. கடலுக்கு அடில கேபிள் அறுந்துபோச்சி. நாம இன்னா பண்ண முடியும்?"

அவன் சர்வரிலேயே கடை வைத்து ராயபுரத்தில் கேக் விற்கும் டோரதி, போன முறை இதே பதிலைக் கேட்டு, அந்தக் கப்பலைச் சபித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவள். கடலைக் காட்டிப் பொய் சொல்ல இந்த முறை அவன் பிடித்த ஆள்தான் சரியில்லை. மங்கை நேராக வந்து தாய்மாமன் குமாரவேலின் கட்டுமரத்தில் ஏறினாள். கட்டுமரத்துக்குத் தடை கிடையாது.

துறைமுகத்துக்கு வெளியே பதினொரு கப்பல்கள் நின்றிருந்தன. எண்ணூர் பக்கம் நங்கூரம் போட்டது யார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். பத்துக் கப்பல்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பதினொன்றாவது கப்பலின் பர்மாக்காரச் சமையல்காரர், சூடம் கைவசம் இல்லாததால் தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, தாங்கள் இல்லை என்று சத்தியம் செய்தார். குமாரவேல் அதோடு விடவில்லை. மூச்சைப் பிடித்து முங்கி, முக்கால் மணி நேரம் அடிமண்ணைத் தடவிவிட்டு மேலே வந்தார். அறுந்த கேபிள் எதுவும் இல்லை, இதுதான் கிடந்தது என்று ஒரு அரிவாள்மனையை நீட்டினார். நல்ல அரிவாள்மனை.

ஐந்தாம் நாள் கடை தானாகத் திறந்துகொண்டது. உள்ளே பினாங்கிலிருந்து ஒரு கடிதம். நீங்கள் கடையை மூடிவிட்டதாக நினைத்து இந்தத் தடவை வேறு ஊரில் வாங்கிவிட்டோம், அடுத்த சரக்குக்கு வரும் வெள்ளிக்கிழமை காலையில் பார்ப்பேன், அப்போதும் மூடியிருந்தால் இனி வரமாட்டேன் என்று தேவகிருபை எழுதியிருந்தார். மங்கை அழவில்லை. அந்த அரிவாள்மனையை எடுத்துப் போட்டு மீன் வெட்ட உட்கார்ந்தாள். வெட்டின சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மங்கைக்குத் தெரிந்த வியாசர்பாடி சங்கமித்ரா பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். கடையை ஒரே இடத்தில் வைப்பதுதான் தப்பு, மும்பையில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்தால் ஒன்று படுத்தாலும் மற்றது நிற்கும் என்றாள். மங்கைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"கட்டுமரத்துலயே ரெண்டு நங்கூரம் வெச்சிக்கினுதான் போறோம். இத்தயும் அப்டி பண்ணாம வுட்டுட்டேன் பாரு."

படகு நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர் என்று வளர்ந்தவள், கடையின் இணையப் பெயரையும் முதலிலேயே தன் பேரில் பதிந்திருந்தாள். அதனால் வேலப்பனைக் கேட்காமலே, இரண்டு நாளில் கடை கிளம்பிப் போய்விட்டது. அவனுடைய மற்ற வாடிக்கையாளர்களிடமும் சொன்னாள். பாதிப் பேர் கேட்டார்கள். டோரதி கேட்கவில்லை.

நல்ல மனசுக்காரி யாராவது இருந்திருந்தால் விஷயம் இதோடு முடிந்திருக்கும். மங்கைக்கு அந்த வியாதி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ராயபுரம் காயலான் கடையில் கிடந்த ஒன்றரை டன் நங்கூரம் ஒன்று, பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிய மூன்று மீன்பாடி வண்டிகளில் ஏறித் தண்டையார்பேட்டைக்கு வந்தது. வழியில் இரண்டு பஸ்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றன. வேலப்பன் வாசலுக்கு வந்து, இன்னாம்மா இது என்று கேட்டான்.

"நீ சொன்ன நங்கூரம்தான் சார். தேடிப் புட்ச்சி இட்டாந்துகீறோம்."

குமாரவேல் கயிற்றைத் தளர்த்தப் போனார். மங்கை கால்மிதியை ஒரு தரம் பார்த்தாள்.

"ஒரு சாண் இடப்பக்கம், மாமா."

நங்கூரம் சாவகாசமாக உட்கார்ந்தது. உள்ளே ஏதோ கீச்சென்று கத்தி அடங்கியது. வாசல் முழுக்க அடைத்துக்கொண்டதால் வேலப்பன் உள்ளேயே நின்றான். சற்று நேரத்தில் அவன் செல்போன் அடித்தது. டோரதி.

"நங்கூரம் வுழுந்து கேபிள் அறுந்துபோச்சி, மேடம். சத்தியமா. கண்ணால பாத்துகினு கீறேன்."

தெருவுக்கே கேட்கும்படி டோரதி சிரித்தாள். இத்தனை வருடத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான், அதற்குப் போய் அவள் இப்படிச் சிரித்தாள். மங்கை நங்கூரத்தின் மேல் எட்டி அவன் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"டோரதிக்கா, சங்கமித்ரா நம்பர் சொல்றேன். எழுதிக்கோ."

மங்கை வீடு திரும்பியபோது பினாங்கிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. வஞ்சிரம், நெத்திலி, பால்சுறா, போன வருடத்தைப் போல இரண்டு பங்கு.

வேலப்பன் ஜன்னல் கம்பியை அறுத்து வெளியே வந்தான். நங்கூரத்தை எடுக்கத் தண்டையார்பேட்டையில் ஆள் கிடைக்காமல், மூன்றாம் நாள் காசிமேட்டுக்கே வந்து மங்கையின் முன்னால் நின்றான். அவள் நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கப்பலு வந்து எட்த்துக்கினு போவும் சார். நாம இன்னா பண்ண முடியும்?"